மாப்பிள்ளைக் கோட்டு

கண்ணாடிப் பெட்டிக்குள்ளே ஒரு மரக்கட்டையின் தோளில் என் தம்பியின் கோட்டை மாட்டி வைத்திருக்கிறார்கள். கட்டைக்குத் தலை கிடையாது, கை கிடையாது, மார்பு மட்டும்தான். ஆனாலும் கோட்டின் வலது தோள் இடது தோளைவிட ஒரு விரற்கடை தாழ்ந்து நிற்கிறது. சின்ன வயதில் தோல் கட்டுகளைச் சுமந்து சுமந்து அவனுக்கு அந்தத் தோள் அப்படி இறங்கிப் போயிருந்தது. அளவெடுக்க வந்த தையற்காரர் அதைக் கண்டுகொண்டு, வாயால் ஒன்றும் சொல்லாமல், துணியை அதற்கேற்ற மாதிரி வெட்டினார். மரக்கட்டைக்கு அது எப்படித் தெரியும்? நேராக நிற்கிறது. கோட்டுதான் பழைய பழக்கத்தில் ஒரு பக்கம் சாய்ந்திருக்கிறது.

எங்கள் ஊரின் பழைய சத்திரத்தைப் பழுதுபார்த்து மியூசியமாக ஆக்கியிருக்கிறார்கள். ஊர்ப் பெரிய மனிதர்களின் சாமான்களைக் கேட்டு வாங்கி அடுக்கியிருக்கிறார்கள். என் தம்பி பல வருஷம் முனிசிபல் கவுன்சிலராக இருந்தவன். தோல் பதனிடுகிற ஷாப்புகள் இருக்கிற எங்கள் தெருவுக்குச் சாக்கடையும் குழாயும் வந்தது அவனால். அதனால் அவன் கல்யாணத்தன்று உடுத்திய கோட்டையும் சரிகைக்கரை வேட்டியையும் அவன் பிள்ளை கொண்டுபோய்க் கொடுத்துவிட்டான். நானும் என் தம்பி பெண்சாதியும் குதிரை வண்டி பிடித்துப் பார்க்கப் போனோம். இரண்டு பேருக்கும் முழங்கால் வலி. ஒருத்தி கையை ஒருத்தி பிடித்துக்கொண்டு படியேறினோம். அங்கே வேலை பார்க்கிற பெண், பேத்தி வயதுதான் இருக்கும், கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே சொன்னாள்: "இந்தத் துணியைத் தொட்டாலே பொடியாயிடும் ஆயா. இந்தக் கருப்புல இரும்பு சேர்ந்திருக்கு. அதுதான் உள்ளுக்குள்ளேயே துணியைத் தின்னுது." இரும்பு என்று அவள் சொன்னதும் கண்ணாடிமேல் வைத்திருந்த கையை எடுத்துக்கொண்டேன். இத்தனை வருஷம் கழித்து ஒரு படித்த பெண்ணுக்கு அது தெரிந்துவிட்டதே என்று.

அவன் கல்யாணத்தின்போது எனக்கு இருபத்திரண்டு வயது. அம்மா காலமாகி இரண்டு வருஷம். என் வீட்டுக்காரர் கோலார் தங்கவயலில் வேலையாக இருந்தார், பண்டிகைக்குப் பண்டிகை வருவார். நான் தம்பிக்குச் சோறாக்கிக்கொண்டு, தோல் ஷாப்பில் ஆவாரம் பட்டை இடிக்கப் போய்க்கொண்டிருந்தேன். பட்டை இடிப்பது சும்மா வேலை இல்லை. காரம் மூக்கில் ஏறும், கண்ணில் நீர் கொட்டும், மாலையில் தும்மினால் தூள் வரும். நான் இடித்த பட்டையைச் சலித்துப் பார்க்க வேண்டியதே இல்லை என்று மேஸ்திரியே சொல்வார். அதில் எனக்குக் கர்வம் உண்டு, இன்றைக்கும் உண்டு. தம்பி அதே ஷாப்பில் தோல்களைத் தரம் பிரித்து அடுக்குகிறவனாக இருந்தான். தோலைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்தாலே எந்த ஊர் ஆட்டுத்தோல் என்று சொல்லுவான். சும்மா விட்டால் பேசிக்கொண்டே இருப்பான். பின்னால் அந்த வாய்தான் அவனைக் கவுன்சிலர் ஆக்கியது.

பெண் அரக்கோணத்திலிருந்து வந்தது. பெண்ணின் அப்பா ரயில்வேயில் தண்டவாளம் மாற்றிவிடுகிற பாயிண்ட்ஸ்மேன். ரயில்வேக்காரர் தோல் ஷாப்புக்காரனுக்குப் பெண் கொடுப்பதா என்று அவர்கள் வீட்டில் பேச்சு வந்திருக்கிறது. முக்கியமாக அவருடைய அக்கா, பெண்ணுக்கு அத்தை, அந்த அம்மாள்தான் வீட்டில் எல்லாம். அவள் சம்மதிக்க வேண்டும் என்பதற்காகவோ என்னவோ, நிச்சயதார்த்தத்தன்று பெண்ணின் அப்பா ஒரு வார்த்தை கேட்டார். மாப்பிள்ளை கோட்டுப் போட்டுக்கொண்டு மணையில் உட்கார வேண்டும், ஸ்டேஷனிலிருந்து நாலு பேர் வருவார்கள் என்றார். அவரே வெள்ளை டிரில் துணியும் பித்தளைப் பித்தானும் வாங்கி அனுப்பினார். தையற்காரர் தைத்துக் கொடுத்தார். நல்ல கோட்டுதான். வெள்ளை வெளேரென்று இருந்தது.

அந்த வெள்ளைதான் எனக்குப் பிடிக்கவில்லை. ஆஸ்பத்திரி கம்பவுண்டர் மாதிரி இருக்கிறதே என்று நினைத்தேன். எங்கள் முதலாளி சாயபு பெருநாளைக்கு டசர் பட்டில் ஒரு கோட்டுப் போடுவார், பசுவெண்ணெய் உருக்கின மாதிரி ஒரு நிறம். என் தம்பி அந்த நிறத்தில் மணையில் உட்கார்ந்தால் ரயில்வேக்காரர்கள் வாயடைத்துப் போவார்கள் என்று ஒரு ஆசை. பட்டுக்கு நான் எங்கே போவேன்? ஆனால் அந்த நிறத்துக்கு வழி எனக்குத் தெரியும். பச்சைத்தோல் பட்டைத் தண்ணீரில் ஊறி எழும்போது முதலில் எடுக்கிற நிறம் அதுதானே? கல்யாணத்துக்கு முந்தின நாள் மத்தியானம், வீட்டுப் பின்பக்கம் ஒரு மண்தாழியில் பட்டைத்தூளை ஊறவைத்து, துணியில் வடிகட்டி, இளம் தண்ணீராக எடுத்து, கோட்டை அதில் நனைத்தேன். பிழிந்து உதறிப் பார்த்தால் டசரே டசர். எனக்குத் தலைகால் புரியவில்லை. பக்கத்து வீட்டுப் பெண்ணைக் கூப்பிட்டுக் காட்டினேன். "இன்னாக்கா, சாயபு கோட்டைத் திருடிக்கினு வந்துட்டியா?" என்றாள் அவள்.

அதோடு காயப்போட்டிருந்தால் ஒன்றுமில்லை. பட்டை வாசனை போகட்டும் என்று நல்ல தண்ணீரில் ஒரு தரம் அலச நினைத்தேன். வீட்டுப் பித்தளைப் பாத்திரம் எல்லாம் சமையற்காரரிடம் போய்விட்டது. பந்தல் மண்ணுக்குத் தண்ணீர் தெளிக்க எடுத்து வைத்திருந்த இரும்பு வாளி ஒன்று, உள்ளே துருப்பிடித்தது, கிணற்றடியில் இருந்தது. அதில் கோட்டைப் போட்டு நீர் ஊற்றிவிட்டு, வாழைமரம் கட்ட ஆள் வந்திருக்கிறது என்று வாசலுக்குப் போனேன்.

தோல் ஷாப்பில் பட்டைத் தொட்டிகள் இருக்கிற பக்கம் இரும்பு வரக்கூடாது. மண், கல், மரம் இவைதான் வரலாம். மடியில் பாக்குவெட்டி வைத்திருந்தால்கூட மேஸ்திரி வாசலிலேயே வாங்கி வைத்துவிடுவார். பட்டை குடித்த தோலில் இரும்பு பட்டால் அந்த இடம் கருத்துவிடும், எதைப் போட்டாலும் போகாது. பத்து வயதிலிருந்து எனக்கு இது தெரியும். ஆனால் தோலுக்குச் சொன்னது துணிக்கும் உண்டு என்று அன்றைக்கு என் புத்திக்கு எட்டவில்லை. அரைமணி கழித்து வந்து வாளிக்குள் பார்த்தால், தண்ணீர் மை மாதிரி இருந்தது. கோட்டைத் தூக்கினேன். மார்பில், முதுகில், கையில், திட்டுத் திட்டாக நீலக் கருப்பு. சோப்புப் போட்டேன், எலுமிச்சம்பழம் தேய்த்தேன், சாம்பல் போட்டுக் கசக்கினேன். இன்னும் பரவியதே தவிர மறையவில்லை.

பெண் வீட்டு வண்டிகள் பொழுது சாய்வதற்குள் வந்துவிடும். அவர்கள் கொடுத்த கோட்டு. அதைப் போடாவிட்டால் அவமரியாதை. போட்டால், கல்யாணத்தில் கருப்பு. எந்தப் பக்கம் போனாலும் அந்த அத்தை அம்மாள் நிற்கிறாள். கிணற்றடியில் உட்கார்ந்து அழுதேன். வெற்றிலைக் கட்டு வாங்கிக்கொண்டு தம்பி அந்த வழியாகத்தான் வந்தான். கோட்டைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். முதலில் அவனுக்குச் சிரிப்புதான் வந்தது.

"இன்னாக்கா இது, எருமத் தோலு மாதிரி ஆக்கி வெச்சிருக்கே?"

"அவங்க வந்ததும் கால்ல உழுந்து சொல்லிடறேன்டா. நான்தான் கெடுத்தேன்னு சொல்லிடறேன்."

அவன் சிரிப்பு நின்றுவிட்டது. என் எதிரில் குந்தினான். "சொன்னா உன்ன மணையாண்ட நிக்க வுடமாட்டாங்க. அபசகுனம் பண்ணவளுன்னு ஓரங்கட்டிடுவாங்க. மத்த முடிச்சி யாரு போடறது? அம்மாதான் இல்ல, நீயும் இல்லாம நான் தாலி கட்டணுமா?" என்றான். எங்கள் பக்கத்தில் மாப்பிள்ளை முதல் முடிச்சுப் போட்டால், மற்ற முடிச்சுகளைப் போடுவது அவன் கூடப்பிறந்தவள். அந்த உரிமைக்காக அக்கா தங்கைகள் எங்கிருந்தாலும் வந்து நிற்பார்கள்.

பிறகு கோட்டை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தான், ஷாப்பில் தோலைப் பார்க்கிற மாதிரியே. "அழாத. பாதி கருத்தாதான் கறை. முழுசா கருத்துட்டா கருப்புக் கோட்டு," என்று எழுந்து போனான். மாட்டுக்கு லாடம் அடிக்கிறவரிடமிருந்து துருப்பிடித்த பழைய லாடங்களை ஒரு துணியில் முடிந்துகொண்டு வந்தான். அதை ஊறப்போட்ட நீரும் கெட்டியான பட்டைத் தண்ணீருமாக மாற்றி மாற்றி நனைத்தேன். நலங்கு வைக்கிற உடம்பு, நீ தொடாதே என்று அவனைத் தள்ளி நிற்க வைத்துவிட்டேன். அவன் தள்ளி நின்று, இந்தக் கை பத்தலை, அந்தக் காலர் பத்தலை என்று சொல்லிக்கொண்டே இருந்தான். வைகாசி வெயில், அனல் காற்று. வண்டி மணி கேட்பதற்குள் கோட்டு காய்ந்து, காக்கை இறக்கை மாதிரி மின்னியது.

காலையில் அதைப் போட்டுக்கொண்டு அவன் பந்தலுக்கு வந்தபோது நாதஸ்வரம் ஊதியவர்களே ஒரு நொடி மூச்சை நிறுத்தினார்கள். பெண்ணின் அத்தை கூட்டத்தை விலக்கிக்கொண்டு எதிரே வந்து நின்றாள்.

"இன்னா மாப்ள இது? நாங்க குடுத்தனுப்பினது வெள்ளக் கோட்டு. இது யாரு ஊட்டுச் சாவுக்குத் தெச்சது?"

"உங்க கோட்டுதாங்க அத்தை. பித்தானப் பாருங்க. நான்தான் கருப்பு ஏத்தச் சொன்னேன்."

"எதுக்கு?"

"ஆசைக்கு."

"தாலி கட்ற நேரத்துல கருப்பு மேலயா ஆச வரும்? ஊட்டுப் பொம்பளைங்க யாரும் எடுத்துச் சொல்லலியா?" என்று கேட்டபடி அவள் கண் என்னைத் தேடியது. தம்பி ஒரு அடி நகர்ந்து, எனக்கும் அவளுக்கும் நடுவில் நின்றுகொண்டான். "ஊட்ல யாருக்கும் தெரியாதுங்க. இப்பதான் பாக்கறாங்க. எங்க அக்காவே என்னைத் திட்டிக்கினு இருக்குது," என்றான். நான் திட்டவில்லை. அவன் முதுகுக்குப் பின்னாலேயே நின்றேன்.

அத்தை தன் தம்பியிடம் திரும்பி, பொண்ணை வண்டியில் ஏற்று என்று சொல்லிவிட்டாள். சொன்னால் சொன்னதுதான் என்கிற குரல். பெண்ணின் அப்பா அசையாமல் நின்றார். அவர் பக்கத்தில் ஸ்டேஷன் ஆட்கள் நாலு பேர், தலையைக் குனிந்துகொண்டு. தம்பி அவரிடம் போய் மெதுவாகக் கேட்டான்.

"மாமா, உங்க ஸ்டேஷன் மாஸ்டர் இன்னா கோட்டு போடறாரு?"

அவர் யோசித்தார். "கருப்பு."

"அந்தக் கோட்டைப் போட்டுக்கினு அவரு கொடி காட்டினா மெட்ராஸ் மெயிலே போவுது. என் கல்யாணம் போவாதா?"

ஸ்டேஷன் ஆட்களில் ஒருவருக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்துவிட்டது. அத்தை விடவில்லை. "ரயிலும் கல்யாணமும் ஒண்ணா?" என்றாள்.

"ரெண்டுத்துலயும் நேரம் தவறக் கூடாதுங்க அத்தை. முகூர்த்தம் போவுது."

பெண்ணின் அப்பாவும் சிரித்துவிட்டார். அவர் சிரித்த பிறகு வண்டி பூட்ட ஆள் இல்லை. மேளம் கொட்டியது. தம்பி தாலி கட்டினான். பின்னால் நின்று முடிச்சுப் போட்டவள் நான்தான்.

அதற்குப் பிறகு அந்தக் கோட்டு அவனோடு ஒட்டிக்கொண்டது. எலெக்‌ஷனுக்கு நின்றபோது எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்கும் அடையாளம் அதுதான்: கருப்புக் கோட்டுக்காரர். காலம் மாறி, கல்யாணத்தில் சடங்கு வேண்டாம், சகுனம் வேண்டாம் என்று மேடையில் பேசுகிற நாள் வந்தது. இவர் அப்போதே செய்து காட்டியவர் என்று அவனுக்கு மாலை போட்டார்கள். ஒரு கூட்டத்தில் ஒருவர் எழுந்து, அந்தத் துணிச்சல் உங்களுக்கு எங்கிருந்து வந்தது என்று கேட்டார். பெண்கள் பக்கத்தில் நான் உட்கார்ந்திருந்தேன். தம்பி கூட்டம் முழுக்கக் கண்ணை ஓட்டி, என் மேல் கொஞ்ச நேரம் நிறுத்தி, "எங்க ஊட்லருந்துதான்," என்றான். எல்லாரும் கை தட்டினார்கள். நான் முந்தானையால் வாயை மூடிக்கொண்டேன்.

ஆனால் எனக்கு அது சிரிப்பாகவே இருந்துவிடவில்லை. அவனுக்கு முதலில் பிறந்தது பெண் குழந்தை. பெயர் வைப்பதற்கு முன்னாலேயே போய்விட்டது. துக்கத்துக்கு வந்த அத்தை வாசற்படி தாண்டும்போதே, "கருப்பு மாட்டிக்கினு மணையில குந்தினா வேற இன்னா வரும்?" என்றாள். எதற்கும் பதில் வைத்திருக்கிற தம்பி அன்றைக்குக் கூரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். அந்த வார்த்தை அவனுக்குச் சொன்னது இல்லை, எனக்குத்தான் என்று நான் எடுத்துக்கொண்டேன். சகுனத்தில் எனக்கு நம்பிக்கை உண்டா என்று கேட்டால், இல்லை என்றுதான் நாலு பேர் முன்னால் சொல்லுவேன். தனியாக இருக்கும்போது அப்படிச் சொல்ல வராது. நானும் பிள்ளை பெறாதவள். தம்பி பெண்சாதி மறுபடி உண்டானபோது அவளுக்குச் சோறு போட்டேன், துணி துவைத்தேன், ஆனால் தலை பின்னிவிடக்கூடக் கிட்டே போகவில்லை. என் கை பட்டால் என்ன ஆகுமோ என்று பயம். மகன் பிறந்தான். மருத்துவச்சி குளிப்பாட்டிக் கொடுத்ததும், தம்பி பெண்சாதி என்னைக் கூப்பிட்டு, அந்த ஈரக் குழந்தையை என் மடியில் போட்டாள். "நீங்கதான் மொதல்ல சக்கரத் தண்ணி வெக்கணும் அண்ணி," என்றாள். வைத்தேன். குழந்தை சப்பிக் குடித்தது. எனக்கு மட்டும் ஒன்று உறுத்தியது: இவளுக்குத் தெரியாது, தெரிந்திருந்தால் என் மடியில் போட்டிருப்பாளா? அந்தப் பிள்ளை வளர்ந்து, படித்து, தலை நரைத்த பிறகும் அந்த உறுத்தல் போகவில்லை. தம்பி கண் மூடின அன்றும் அதைச் சொல்ல நினைத்து, வாய் வராமல் விட்டுவிட்டேன்.

மியூசியத்தில் கண்ணாடிப் பெட்டியின் கீழே ஒரு அட்டை ஒட்டியிருக்கிறது. நான் எழுத்துக் கூட்டுவதற்குள் தம்பி பெண்சாதி கடகடவென்று படித்தாள், ரயில்வே பள்ளிக்கூடத்தில் அஞ்சு வகுப்பு படித்தவள். மூடநம்பிக்கைகளை எதிர்த்து, தம் திருமணத்திலேயே விரும்பிக் கருப்பு அணிந்தார் என்று அதில் போட்டிருந்தது. 'விரும்பி' என்ற சொல் காதில் விழுந்ததும் நான் அங்கே இருந்த மர பெஞ்சியில் உட்கார்ந்துகொண்டேன்.

"அவன் விரும்பல," என்றேன். "அது நான் பண்ண வேலை. நான்தான் அதைக் கெடுத்தேன்."

பட்டைத் தண்ணீர், இரும்பு வாளி, லாடம் எல்லாவற்றையும் சொன்னேன். முடிந்ததும் அவள் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"எனக்குத் தெரியும் அண்ணி."

"யாரு சொன்னது? அவனா?"

"அவரு கடைசி வரைக்கும் வாயத் தொறக்கல. உங்க கைதான் சொல்லிச்சி." அவள் என் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். "மணையில நான் தலை குனிஞ்சி குந்தியிருந்தேன். அவரு மூஞ்சியும் தெரியல, கோட்டும் தெரியல. முடிச்சிப் போட்டுட்டு, தாலிய முன்னால இழுத்து சரி பண்ண ரெண்டு கை வந்திச்சி. முழங்கை வரைக்கும் மஞ்சள அப்பிக்கினு இருந்தீங்க. நகக்கண்ணுல மட்டும் மறைக்க முடியல. அடுப்புக் கரி மாதிரி இருந்திச்சி. அப்பவே தெரிஞ்சி போச்சி, ஊட்ல யாருக்கும் தெரியாதுன்னு அவரு அத்தையாண்ட சொன்னது பொய்யின்னு. அக்காவுக்காகப் பந்தல்ல நின்னு பொய் சொல்ற ஆளு, சரி, இவரு கூடக் குப்பை கொட்டலாம்னு நெனச்சேன்."

என் நகங்களைப் பார்த்துக்கொண்டே கேட்டேன்: "அப்ப, பெரியவ போனப்ப? உங்க அத்தை சொன்னப்ப?"

"அப்பவும் தெரியும்."

"தெரிஞ்சா சின்னவன என் மடியில போட்டே?"

"தெரிஞ்சிதான் போட்டேன். அத்தை சொன்னதுலருந்து நீங்க என் தலையக்கூடத் தொடாம ஒதுங்கிக்கினு கெடந்தீங்க. வேற எப்பிடி உங்கள இழுக்கறது?"

கண்ணாடி துடைத்த பெண் நாங்கள் இரண்டு பேரும் கண்ணைத் துடைப்பதைப் பார்த்துவிட்டு ஓடி வந்தாள். தண்ணீர் வேண்டுமா என்று கேட்டாள். பிறகு அட்டையைக் காட்டி, "இதுல ஏதாவது தப்பு இருக்குதா ஆயா? இருந்தா மாத்திடலாம்," என்றாள்.

"இருக்குதும்மா," என்றேன். "கருப்பு ஏத்தினது அவன் இல்ல, அவன் அக்கா. பென்சிலை எடு."

அவள் எடுத்துக்கொண்டு வந்தாள். தம்பி பெண்சாதி என் பெயரைச் சொல்ல வாயெடுத்தாள். நான் அவளைக் கையமர்த்திவிட்டு, ஒவ்வொரு எழுத்தாக நானே சொன்னேன்.